மஞ்சள் சட்டை வழிகாட்டி

அத்தியாயம் 9

பொய்யை நான்கு பக்கத்தில் எழுதி, முப்பத்தொரு வண்ணப் படம் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுக்கிற ஆளை மதுமதி இன்றுதான் பார்க்கிறாள்.

அட்டையில் தலைப்பு வேறு: 'பாங்காக்கில் என் வியாழக்கிழமை.' கீழே பெயர், அதற்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் மூன்று.

"பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில குடுக்கிற சுற்றுலாக் கட்டுரை மாதிரியெல்லே கிடக்கு," என்றார் ஜேசுரட்ணம். "கடைசியில 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' எண்டு இருக்கோ பாருங்கோ."

"இருக்கு அண்ணை. அதே மாதிரிதான் முடிச்சிருக்கான்."

ம்யூனிக்கை ஒட்டிய கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர் உணவகத்தில் மூலை மேசை. காலை பத்தரை மணி. மதுமதிக்கு எதிரே ஜேசுரட்ணம், பக்கத்தில் நிவேதிதா. மூன்று பேருக்கும் நடுவில் அந்த பைண்டிங். அதைத் தொட்ட விரலைக் கழுவ வேண்டும் போலிருந்தது மதுமதிக்கு.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, இதே வளாகத்தில், ஆய்வுக்குழுத் தலைவர் சந்திரசேகரன் தன் மாணவி நிவேதிதாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கையைப் பிடித்தார். காண்ட்ராக்ட் நீடிக்க வேண்டுமானால் ஒரு பெண் எவ்வளவு அனுசரணையாக நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். நிவேதிதா கையை உதறிக்கொண்டு ஓடினாள். மறுவாரம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

அவர் கொடுத்த பதில் ஒரே வரி: 'அன்று நான் ஜெர்மனியிலேயே இல்லை.'

பாங்காக்கில் மாநாடு, திங்கள் முதல் புதன் வரை. அவர் போனது உண்மை. புதன் இரவே விமானம் ஏறினால் வியாழன் காலை ம்யூனிக். ஆனால் அவர் சொல்வது வேறு. வியாழன் முழுவதும் வழிகாட்டியோடு ஊர் சுற்றிப் பார்த்தாராம், வெள்ளிக்கிழமைதான் திரும்பினாராம். மாநாட்டுக்காரர்கள் திங்களும் வியாழனும் சுற்றுலா பஸ் வைத்திருந்தார்கள். வியாழன் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதற்கு மேல் ஆதாரமாக அவர் கொடுத்ததுதான் இந்த பைண்டிங்.

"டிக்கெட்டைக் காட்டச் சொன்னா முடிஞ்சுதே?" என்று முதல் நாளே கேட்டார் ஜேசுரட்ணம்.

கேட்க முடியாது. அது அவருடைய விடுப்பு நாள், அவருடைய சொந்த டிக்கெட். கதவு அட்டைப் பதிவுகளை ஒரு வாரத்தில் அழித்துவிட்டார்கள். எல்லாம் டாட்டென்ஷுட்ஸ், அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்பு.

"நல்ல நாடு," என்றார் அப்போது. "கள்ளனையும் பொத்திப் பொத்தி வைச்சிருக்கு. என்ர குப்பை வாளிக்குள்ள என்ன கிடக்கெண்டு மட்டும் பக்கத்து வீட்டு மனுசிக்கு அத்துப்படி."

ஜேசுரட்ணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெர்மனிக்கு வந்து முப்பது வருஷம். இருபது வருஷம் பார்சல் வண்டி ஓட்டியதில் இடுப்பு போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. ஒருவர் அழைப்பு மணிக்குக் கதவைத் திறக்கிற விதத்தை வைத்தே அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். மதுமதி துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகை மாட்டியபோது, கேட்காமலேயே வந்து ஒட்டிக்கொண்ட உதவியாளர் அவர்.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரணை. சந்திரசேகரன் சொன்னது நின்றுவிட்டால் நிவேதிதா பொய்ப் புகார் கொடுத்தவள். காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்றரை வருஷ ஆராய்ச்சி, விசா எல்லாம் அதோடு போகும். ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் சந்திரசேகரனின் மனைவி வேதவல்லி ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டாள்: 'சில பேரை இவ்வளவு தூரம் வரவிட்டதே தப்பு.' அதற்கு நாற்பத்தாறு கைகூப்பல்கள்.

அந்த நாற்பத்தாறையும் மதுமதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிய கைகள் எல்லாம் அதில் இருந்தன. 

"அண்ணை, மூணாவது பக்கம் படிங்க. சத்தமா."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "'மதியம் படகுத்துறைக் கடையில் மீன் உருண்டை போட்ட நூடுல்ஸ். ஒரு கிண்ணம் போதவில்லை, இரண்டாவதும் வாங்கினேன்.' ஐயோ, எனக்கு இப்பவே பசிக்குது."

"நிவேதிதா, உங்க சார் வியாழக்கிழமை மதியம் என்ன சாப்பிடுவார்?"

"சாப்பிட மாட்டாருக்கா," என்றாள் நிவேதிதா. "குரு விரதம். பொழுது சாயற வரைக்கும் தண்ணி மட்டும்தான். வியாழக்கிழமை லஞ்ச் மீட்டிங் வச்சா கத்துவார். அதுவும் அவர் ப்யூர் வெஜ். முட்டை சேர்த்த கேக்கைக்கூட தொட மாட்டார்."

"அப்ப விரதத்துக்கு விசா கிடைக்கேல்லைப் போல," என்றார் ஜேசுரட்ணம். "ஆள் தனியத்தான் பறந்திருக்கு."

"அடுத்தது. வாட் அருண் கோயிலைப் பத்தி."

"'செங்குத்தான படிகள். சிலர் பாதியில் இறங்கினார்கள். நான் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.'"

"போன மார்ச்ல முட்டி ஆபரேஷன்," என்றாள் நிவேதிதா. "முதல் மாடிக்கே லிஃப்ட்."

முப்பத்தொரு படத்தில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. தங்கக் கோபுரம் இருக்கிறது, படுத்திருக்கும் புத்தரின் பாதம் இருக்கிறது, ஆற்றைக் கடக்கும் படகு இருக்கிறது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் குட்டிக் கொடி, வழிகாட்டி. 'செல்ஃபி எடுப்பது என் சுபாவமில்லை' என்று அடிக்குறிப்பு. எல்லாம் காகிதத்தில் அச்சான படங்கள், எடுத்த தேதி தெரியாது.

"போனது ஒருத்தர். பேர் போட்டுக்கிட்டது இன்னொருத்தர்," என்றாள் மதுமதி. "உங்க குழுவில இது வழக்கமா?"

நிவேதிதா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாத்தையும் ஸ்ரீஹரி அண்ணாதான் எழுதுவார். பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சாரோட பொண்ணு காலேஜ் அப்ளிகேஷன்கூட. சார் கடைசியில பேர் மட்டும் போடுவார்."

"ஸ்ரீஹரி பாங்காக் போனாரா?"

"போனார். திங்கட்கிழமை டூர்ல. புதன்கிழமையே திரும்பிட்டார்."

சொல்லிவிட்டு அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பயம் என்று நினைத்தாள் மதுமதி. அது தப்புக் கணக்கு என்று அவளுக்குத் தெரியவர இன்னும் நான்கு மணி நேரம் ஆகும்.

ஸ்ரீஹரியை இரண்டாம் மாடி காபி இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்தார்கள். முப்பத்து நான்கு வயது, இஸ்திரி போட்ட சட்டை, தூங்காத கண்.

"நான் எதையும் எழுதலை," என்றான், கேள்வி வருவதற்கு முன்பே.

"ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டது யாரு?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் திங்கள் போனேன், சார் வியாழன் போனார். அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினான். "என் வைஃப் ஸ்ரீநிதிக்கு ஏழாவது மாசம். நவம்பர்ல என் விசா கார்டு ரினியூவல். சாரோட லெட்டர் இல்லாம ஒண்ணும் நடக்காது. புரிஞ்சுக்குங்க."

"புரியுது. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்ங்கறது உங்களுக்குப் புரியுதா?"

அவன் பர்ஸைத் திறந்தான். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இயந்திரத்தின் தட்டில் வைத்தான். காபியை எடுக்காமலேயே நடந்துவிட்டான். பாங்காக் வழிகாட்டியின் கார்டு அது.

"பாதி மனுசன்," என்றார் ஜேசுரட்ணம், அவன் விட்டுப்போன காபியை எடுத்துக்கொண்டு. "மிச்சப் பாதியை எங்க அடகு வைச்சிருக்கிறானோ."

பாங்காக்கில் அப்போது பிற்பகல். ஜேசுரட்ணம்தான் பேசினார். பார்சல் கொடுக்கப் போன காலத்தில் பழகிய ஆங்கிலம், இலக்கணம் இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும். சாப்பிட்டீர்களா என்பதில் ஆரம்பித்து, மழை பெய்கிறதா என்பதைத் தாண்டி, ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டார். படத்தையும் அனுப்பினார். போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு குறும்பு.

"ஆக்களின்ர முகம் ஞாபகமில்லையாம். நாளுக்கு நாப்பது பேர். ஆனா பிள்ளை, சட்டை ஞாபகம் இருக்காம்."

"என்ன சட்டை?"

"அந்த ஊரில கிழமைக்கு ஒரு நிறமாம். திங்கள் மஞ்சள், செவ்வாய் ரோஸ், புதன் பச்சை, வியாழன் செம்மஞ்சள். கன பேர் இப்ப பாக்கிறேல்லையாம். ஆனா இவ வேலைக்கு வரேக்க ஒரு நாளும் மாத்தினதில்லையாம். 'பயணிகளுக்கு அதைச் சொல்லித்தான் நான் ஒவ்வொரு நாளையும் தொடங்குறனான்' எண்டு சொல்லுறா. எழுதியும் அனுப்புறாவாம்."

மதுமதி படத்தை மறுபடி பார்த்தாள். மஞ்சள். சந்தேகமே இல்லாத, கல்யாண வீட்டு மஞ்சள்.

"நாங்க வியாழனுக்குத்தானே மஞ்சள்னு சொல்லுவோம்," என்றாள் மெதுவாக.

"ஓம். குருவுக்கு மஞ்சள். என்ர மனுசி வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ, அவவுக்கே தெரியும்."

"அந்தச் சந்திரசேகரன் விரல்ல என்ன மோதிரம் அண்ணை?"

"கனக புஷ்பராகம். கொட்டைப்பாக்கு சைஸ்." ஜேசுரட்ணம் காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "விளங்குது பிள்ளை. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவரையே சொல்ல விடுங்கோ."

இரண்டு மணிக்கு விசாரணை அறை. நீள மேசை, பாட்டில் தண்ணீர், சாத்திய ஜன்னல். நடுவில் குழுத் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஜெர்மன் பெண்மணி. ஒரு பக்கம் நிவேதிதா, அவளுக்குத் துணையாக மதுமதி. மறுபக்கம் சந்திரசேகரன். அவர் பக்கத்தில், 'எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்ட ஸ்ரீஹரி. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது.

சந்திரசேகரன் உள்ளே வந்ததும் அறை முழுக்க அத்தர் வாசனை. மதுமதியைப் பார்த்துத் தமிழில், புன்னகை மாறாமல் கேட்டார்:

"நீயும் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் கன்செஷன்தானேம்மா? பேச்சிலயே தெரியுது."

"ஆமா சார். எங்க வீட்டில படிச்ச முதல் ஆள் நான்தான். அதனால எதையும் ரெண்டு தடவை படிப்பேன். உங்க கட்டுரையையும் ரெண்டு தடவை படிச்சேன்."

பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். முதலில் நூடுல்ஸ்.

"வெளிநாட்டில் போனால் விரதத்தைத் தளர்த்திக்கொள்ளலாம், சாஸ்திரமே அனுமதிக்கிறது," என்றார் சந்திரசேகரன். மீன்? "மீன் என்று பிறகுதான் தெரிந்தது." படிகள்? "வலித்தது. பக்தி இருந்தால் முட்டி என்ன பெரிய முட்டி?" ஒவ்வொரு பதிலுக்கும் தலைவியைப் பார்த்து ஒரு சிரிப்பு. வழவழவென்று, எண்ணெய்ச் சட்டியில் வழுக்கும் சிரிப்பு.

மதுமதி குரலைக் கொஞ்சம் இறக்கினாள், தோற்றுப் போனவளைப் போல.

"ஒரே ஒரு சந்தேகம் சார். அந்த வழிகாட்டி கிழமைக்கு ஒரு நிறத்தில் உடுத்துபவராம். பயணிகளிடம் முதலில் அதைத்தான் சொல்வாராம். உங்களிடமும் சொன்னாரா?"

சந்திரசேகரன் படத்தைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். ஒரு விநாடிதான். அவர் முகத்தில் பரவிய நிம்மதியை மதுமதி உள்ளங்கையில் வாங்கியது போல உணர்ந்தாள். குருவே இறங்கிவந்து கைகொடுத்துவிட்டார் என்று நம்புகிறவரின் நிம்மதி அது.

"சொன்னாரே! வியாழன், மஞ்சள். குருவின் நிறம்." மோதிர விரலைத் தலைவி பக்கம் நீட்டினார். "இதோ, நானும் அதற்காகத்தான் அணிகிறேன். அவரிடமே சொன்னேன், இதெல்லாம் எங்கள் நாட்டிலிருந்து உங்களிடம் வந்ததுதான் என்று. அவர் ஒப்புக்கொண்டார்."

"நன்றி," என்றாள் மதுமதி. அச்சிட்ட ஒரு மின்னஞ்சலை மேசையில் தள்ளினாள். "இது அந்த வழிகாட்டி இன்று எழுதியது. அவர் ஊர் வழக்கத்தில் வியாழனுக்கு ஆரஞ்சு. மஞ்சள் திங்கட்கிழமைக்கு. இந்தப் படம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை."

சாத்திய ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். 

"நாள் குழம்பியிருக்கும்," என்றார் சந்திரசேகரன். "திங்களன்றுதான் போயிருப்பேன்."

"திங்களன்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நீங்கள் மேடையில் தலைமை வகித்தீர்கள். மாநாட்டின் இணையதளத்தில் வீடியோ இருக்கிறது. தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை." மதுமதி பைண்டிங்கை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். "வியாழன் என்றால் நிறம் இடிக்கிறது. திங்கள் என்றால் நீங்களே இடிக்கிறீர்கள். ஆக, இது வேறு ஒருவர் பார்த்த ஊர், வேறு ஒருவர் சாப்பிட்ட சாப்பாடு. உங்கள் மாணவர்களின் கட்டுரைகளில் போடுவது போல இதிலும் உங்கள் பெயரைப் போட்டுவிட்டீர்கள்."

குழுத் தலைவி எதையோ குறித்துக்கொண்டாள். முடிந்தது என்று மதுமதி மூச்சு விட்டாள். அப்போதுதான் அந்த ஆள் கைக்குட்டையை எடுத்து நிதானமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஒப்புக்கொள்கிறேன். முட்டி வலி. வியாழன் முழுக்க ஹோட்டல் அறையில் படுத்திருந்தேன். இந்தப் பெண் இப்படிப் பழி போட்டதும் பதறிப்போய், கிடைத்த படங்களைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். தவறுதான். ஆனால் நான் பாங்காக்கில்தான் இருந்தேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "ஆவணம் பொய் என்று பதிவாகும். அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு இவர் இந்தக் கட்டடத்தில் இருந்தார் என்பதற்கு, புகார் கொடுத்தவரின் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? யாராவது பார்த்தார்களா?"

மதுமதி சந்திரசேகரனைப் பார்த்தாள். சட்டையில் விழுந்த ஈயைத் தட்டுவது போலத் தட்டிவிட்டான். அவன் பொய்யை உடைக்கலாம். இன்னொரு பொய்யை எடுத்துப் போட்டுக்கொள்வான். அவனிடம் அலமாரி நிறைய இருக்கிறது.

நிவேதிதா மேசையிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள். சந்திரசேகரனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள் தமிழில். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

ஸ்ரீஹரியின் கையிலிருந்த பேனா மூடி கீழே உருண்டது.

"என்ன சொன்னார்?" என்றாள் தலைவி. யாரும் மொழிபெயர்க்கவில்லை.  இரண்டு வாரமாக மதுமதி இந்தப் பெண்ணோடு உட்கார்ந்து நிமிடம் நிமிடமாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். எங்கே நின்றாய், எந்தப் படியில் இறங்கினாய், யாரைக் கூப்பிட்டாய் என்று. யாரையும் கூப்பிடவில்லை என்றுதான் நிவேதிதா சொன்னாள்.

"அன்னிக்கு மாடிப்படியில இருந்து நான் முதல்ல கூப்பிட்டது உங்களைத்தான்," நிவேதிதா அவனிடமே பேசினாள். "நீங்க ஓடி வந்தீங்க. சார் என் ரூமை விட்டு வெளியே வந்ததைப் பார்த்தீங்க. குட் ஈவினிங்னு சொன்னீங்க. எனக்கு இன்னும் காதுல இருக்கு. பிறகு யூ-பான் ஸ்டேஷன் வரைக்கும் என்கூட நடந்து வந்து, என் பேரை மட்டும் இழுத்துடாதே, ஸ்ரீநிதி மாசமா இருக்கான்னு கெஞ்சினீங்க. நான் இழுக்கலை. இந்த அக்காகிட்டகூட சொல்லலை. நான் புகார் கொடுத்ததும் நீங்க உங்க டூரை உட்கார்ந்து டைப் பண்ணி அவர்கிட்ட கொடுத்திருக்கீங்க."

"நிவி, அது எதுக்குன்னு எனக்கு…"

"தெரியும்ணா. உங்களுக்குத் தெரியும்."

சந்திரசேகரன் ஸ்ரீஹரியின் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். கொட்டைப்பாக்குக் கல் அவன் சட்டையில் அழுந்தியது. "ஸ்ரீ, யோசிச்சுப் பேசு. ஃபேமிலிமேன் நீ."

மதுமதி அந்தக் கையையே பார்த்தாள். இத்தனை வருஷமாக இதே கைதான் ஒரு தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறது, ஒரு மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது, எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நிவேதிதா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவள் ஆங்கிலத்தில் தலைவியிடம் சொன்னாள். 

தலைவி ஸ்ரீஹரியிடம் திரும்பினாள். "வியாழன் மாலை இவரை இங்கே பார்த்தீர்களா?"

அவன் சுவரைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். கடைசியாக, பார்க்க வேறு எதுவும் இல்லாமல், நிவேதிதாவைப் பார்த்தான். அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. காத்திருந்தாள்.

"பார்த்தேன்," என்றான். "ஆறு பத்துக்கு. நீல சூட். கையில ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீ பை."

தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது. சந்திரசேகரன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வக்கீல் இல்லாமல் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார். அது உங்கள் உரிமை என்றாள் தலைவி. அவர் போன பிறகும் அத்தர் நாற்றம் போகவில்லை. மதுமதி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தலைவி வாக்குமூலப் படிவத்தை எடுத்து முதல் பக்கத்தை நிரப்பத் தொடங்கினாள். ஸ்ரீஹரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி எழுந்திருந்தான்.

"நான் கிளம்பலாமா? மூணரைக்கு ஸ்ரீநிதிக்கு ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் இருக்கு. மீதியை நாளைக்கு வந்து…"

மதுமதி வாயைத் திறப்பதற்குள் நிவேதிதா தன் பேனாவை அவன் முன்னால் வைத்துவிட்டாள்.

"உட்காருங்கண்ணா. இன்னும் கையெழுத்துப் போடலை."